மிஷனெரி அண்ணாச்சி வாங்கிய லேப்டாப்

சங்கரன்கோவில் ரயில்வே ஃபீடர் ரோட்டில் பதினாறு வருடமாகக் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ், பிரிண்ட் அவுட், ரேஷன் கார்டுத் திருத்தம், ஹால் டிக்கெட் என்று நாள் ஓடும். மாதத்துக்கு நாலைந்து லேப்டாப்பும் விற்கும். வாங்க வருகிறவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று வாசலிலேயே எனக்குத் தெரிந்துவிடும். விலையைக் கேட்டுவிட்டு "ஆன்லைன்ல கம்மியா இருக்கே" என்று போனை நீட்டுகிறவர்கள் ஒரு ரகம். "அப்ப அங்கனயே வாங்கிக்கிடுங்க" என்று சொல்லி அனுப்பிவிடுவேன். காலேஜ் சேரும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்து, பிள்ளை ஒன்றைக் காட்ட, அப்பா வேறொன்றைக் காட்ட, கடைக்குள்ளேயே சண்டை போடுகிறவர்கள் இன்னொரு ரகம். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று ஊரில் பேர். அது உண்மைதான்.

மிஷனெரி அண்ணாச்சி இந்த இரண்டு ரகத்திலும் சேராதவர். இந்த வருடம் ஜனவரி முதல் வாரத்தில் ஒரு நாள் காலை பதினோரு மணிக்கு வந்தார். செருப்பை வாசலில் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே வந்து, கழுத்தைத் திருப்பாமல் உடம்பையே என் பக்கம் திருப்பி நின்றார்.

"ஷீலா, எடை கொறஞ்ச லேப்டாப் ஒண்ணு வேணும். இருக்கதிலேயே கொறஞ்சது."

அவர் பெயர் யோவான். அந்தப் பெயரைச் சொல்ல ஊரில் ஆள் கிடையாது. எங்கள் சபையில் போதகர் ஐயர் முதல் சண்டே ஸ்கூல் பிள்ளைகள் வரை எல்லோருக்கும் அவர் மிஷனெரி அண்ணாச்சி. முப்பது வயதில் மனைவி ஞானபாயோடு ஒடிசா மலைப்பக்கம் ஊழியத்துக்குப் போனவர். அங்கே பள்ளிக்கூடம் நடத்தினார். எழுத்தே இல்லாத ஒரு மலைமொழியைப் பேசக் கற்று, அதன் சொற்களை ஒவ்வொன்றாக எழுதிவைக்க ஆரம்பித்தார். இருபத்தைந்து வருடம் ஓடிப்போனது. ஞானபாய் அக்கா அங்கேயே காய்ச்சலில் இறந்துபோனார். தனி ஆளை மலையில் வைத்திருப்பதில்லை என்பது அவர்களை அனுப்பிய மிஷன் சங்கத்தின் சட்டம். அதனால் அண்ணாச்சி திரும்பி வந்தார். நான்கு வருடமாக, இறந்துபோன தன் அண்ணன் வீட்டு மாடியில் இருக்கிறார். அண்ணன் பிள்ளைகள் கோயம்புத்தூரில். கீழ்வீட்டைப் பூட்டி வைத்திருக்கிறார்கள்.

மரியாதைக்கு ஒரு குறையும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் வரிசையாக வந்து கையைப் பிடித்துக்கொண்டு "ஜெபத்துல நெனச்சுக்கிடுங்க அண்ணாச்சி" என்பார்கள். அவர் "சரி மக்கா" என்பார். அத்தோடு பேச்சு முடிந்தது. பஸ் ஏன் லேட், கத்திரிக்காய் என்ன விலை, யார் வீட்டு மருமகள் கோபித்துக்கொண்டு போனாள் என்றெல்லாம் அவரிடம் யாரும் பேசியதில்லை. பரிசுத்தவானிடம் போய்க் கத்திரிக்காய் பேச முடியுமா? நானும் பேசியதில்லை.

அன்றுதான் அவர் நிலவரம் எனக்குத் தெரிந்தது. அந்த மலைமொழி அகராதி இன்னும் முடியவில்லை. அதற்காக வருடத்துக்கு ஒரு தடவை சங்கம் அவரை ஆறு வாரம் மலைக்கு அனுப்பும். அங்கே சுக்ரா என்று அவர் வயதுள்ள ஒருவர் இருக்கிறார். இரண்டு பேரும் உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லாகச் சரிபார்ப்பார்கள். போன வருடம் அண்ணாச்சிக்குக் கழுத்து எலும்பில் ஆபரேஷன் நடந்தது. தோளில் இரண்டு கிலோவுக்கு மேல் ஏற்றக்கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். அவருடைய பழைய லேப்டாப்போ சார்ஜரோடு சேர்த்து மூன்று கிலோவைத் தாண்டும். ரயில், பஸ், ஜீப் எல்லாம் முடிந்தபிறகு கடைசி ஏழு கிலோமீட்டர் ஏற்றம். நடந்துதான் போக வேண்டும். அவரால் தன் சாமானைத் தானே சுமந்து போக முடியுமென்றால் இந்த வருடமும் போகலாம், முடியாதென்றால் வேலையை வேறொரு இளம் தம்பதியிடம் கொடுத்துவிடுகிறோம் என்று சங்கத்து ஆபீசிலிருந்து கடிதம் வந்திருந்தது. கடிதத்தை மடிப்புக் கலையாமல் பிரித்துக் காட்டினார்.

"சாமான் தூக்க யாரையாவது கூட்டிட்டுப் போகக் கூடாதா அண்ணாச்சி?"

"எங்கூட வாரதுக்கு யாரு இருக்கா?" என்றார். வருத்தமாகக்கூடச் சொல்லவில்லை.

"துணிமணி, போர்வை எல்லாம் இருக்கே. லேப்டாப் மட்டுமா எடை?"

"அதெல்லாம் சுக்ரா வீட்டுலயே கெடக்கு. மருந்து, தண்ணி பாட்டில், லேப்டாப், சார்ஜர். இம்புட்டும் ரெண்டு கிலோவுக்குள்ள அடங்கணும்."

"இந்த வயசுல அந்த மலை ஏறணுமா? அவங்களே பாத்துக்கிடட்டும்னு விட்டுட்டு நிம்மதியா இருக்கலாம்லா?"

"அங்கன போனாத்தான் மக்கா நான் பேசுதேன்" என்றார். ஊழியக்காரர்கள் இப்படி ஏதாவது சொல்வார்கள் என்று நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அதற்குப் பிறகு மூன்று வாரம் அவர் என்னைப் படாதபாடு படுத்தினார். தினமும் பதினோரு மணிக்கு வருவார், ஒரு மணிக்குப் போவார். சங்கரன்கோவிலில் ஒரு கிலோ எடையில் லேப்டாப் கேட்கிற ஆள் அவர் ஒருவர்தான். என் கடையில் இருந்ததெல்லாம் பதினைந்து அங்குல மாடல். திருநெல்வேலி டீலரிடம் சொல்லி ஒவ்வொன்றாக பஸ் பார்சலில் வரவழைத்தேன். முதலில் வந்தது கத்திபோல மெல்லிசு. பார்த்ததும் எனக்கே ஆசையாக இருந்தது. எதிரே பூக்கடையில் எலெக்ட்ரானிக் தராசு இருக்கிறது. அதை வாங்கிவந்து வைத்தால் ஆயிரத்து நானூறு கிராம்.

"மெல்லிசா இருக்கதெல்லாம் லேசா இருக்காது போலிருக்கே" என்றார்.

"அலுமினிய பாடி அண்ணாச்சி, ஸ்கிரீன்ல கண்ணாடி வேற ஒட்டியிருக்கான். கனக்கத்தான் செய்யும்."

இரண்டாவது வந்தது ஆயிரத்து நூற்றுப் பத்து. கம்பெனிக்காரன் பெட்டியில் எழுதியிருந்த எடையும் அதுதான். ஆனால் சார்ஜரைத் தராசில் சேர்த்து வைத்ததும் முந்நூறு கிராம் கூடிவிட்டது. "இத ஏன் எழுத மாட்டேங்கான்?" என்று கம்பெனிக்காரன்மேல் கோபப்பட்டார். அடுத்ததில் திரை பளபளவென்று முகம் பார்க்கும் கண்ணாடிபோல இருந்தது. சுக்ரா வீட்டில் வெளிச்சம் வேண்டுமென்றால் முற்றத்தில்தான் உட்கார வேண்டுமாம், வெயிலில் எழுத்துத் தெரியாது என்று தள்ளிவிட்டார். அதற்கடுத்ததில் கீபோர்டு தட்டையாக, விரலுக்கு அமுங்கவே இல்லை. ஆறு மணி நேரம் தட்டச்சு செய்தால் விரல் செத்துப்போகும் என்றார். அதையும் நான் ஒப்புக்கொண்டேன். மலையில் கரண்ட் நிச்சயமில்லை, பள்ளிக்கூடத்து சோலார் பாட்டரியில்தான் சார்ஜ் ஏற்ற வேண்டும் என்பதால், போன் சார்ஜர் மாதிரி சின்ன டைப்-சி சார்ஜரில் ஏறுகிறதாக இருக்க வேண்டும் என்று நானே ஒரு நிபந்தனையைச் சேர்த்தேன்.

இதற்கு நடுவில் நடைச் சோதனை வேறு. எடை தனக்குப் பழக வேண்டும் என்று ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டைப் பையில் போட்டு, என் கடையிலிருந்து ஸ்டேஷன் வரை போய்த் திரும்புவார். அடுத்த நாள் உப்போடு கால் கிலோ சீனி சேரும். திரும்பி வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணை மூடிக் கழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு "அந்தக் கால் கிலோ தெரியுது ஷீலா" என்பார். கடைக்கு வருகிறவர்கள் எழுந்து நின்று கும்பிட்டுவிட்டுப் போவார்கள். உப்புப் பாக்கெட்டை யாரும் கேட்க மாட்டார்கள்.

உட்கார்ந்திருக்கும்போது சுக்ராவைப் பற்றிப் பேசுவார். சுக்ரா சரியான வம்புக்காரர். ஒரு சொல்லுக்கு அண்ணாச்சி எழுதிய அர்த்தம் தப்பென்றால் அரைநாள் சண்டை போடுவார். மழை நின்றபிறகு மரத்திலிருந்து சொட்டுகிற தண்ணீருக்கு அங்கே தனியாக ஒரு சொல் இருக்கிறதாம். அதை மழை என்று அண்ணாச்சி எழுதிவிட்டார் என்பதற்காக சுக்ரா இரண்டு நாள் வேலைக்கே வரவில்லை. "என்னைக் கழுதைன்னு திட்டிட்டான் மக்கா" என்று சொல்லும்போது அண்ணாச்சியின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

மூன்றாவது வாரம் எனக்குப் பொறுமை போய்விட்டது. வந்திருந்த மாடலில் எல்லாம் சரியாக இருந்தது. மக்னீசியம் பாடி, சார்ஜரோடு ஆயிரத்து நூற்று எழுபது கிராம். அவரோ, இதற்கு முந்தின மாடலின் சார்ஜர் இருபது கிராம் குறைவு, அதை இதற்குப் போட முடியுமா என்று ஆரம்பித்தார்.

"அண்ணாச்சி, இருபது கிராமுக்கு என் உசுர எடுக்காதிய! வேணும்னா ஏறும்போது தலைமுடிய வெட்டிட்டுப் போங்க, கணக்கு சரியாப் போவும்" என்று கத்திவிட்டேன்.

கடையில் நின்ற ஒரு டீச்சரம்மா பதறிப்போய் என்னைப் பார்த்தார். அண்ணாச்சி சிரித்தார். நான்கு வருடத்தில் அவர் வாய்விட்டுச் சிரித்து அன்றுதான் பார்த்தேன். அந்த மாடலையே எடுத்துக்கொண்டார்.

அது ஒரு சனிக்கிழமை. வியாழக்கிழமை சென்னை ரயிலுக்கு டிக்கெட் போட்டிருந்தார். புதிதாக எது வாங்கினாலும், வண்டிச் சாவி ஆனாலும் பாஸ்போர்ட் ஆனாலும், கோயில் என்று நாங்கள் சொல்கிற சர்ச்சில், பீடத்தில் வைத்து ஐயரை ஜெபிக்கச் சொல்லிவிட்டுத்தான் நாங்கள் பயன்படுத்துவோம். அண்ணாச்சி ஐயருக்குப் போன் போட்டார். "காலைல பீடத்துப் படியில வச்சிருங்க அண்ணாச்சி, மறந்திராம ஒரு பேர்ச்சீட்டும் வைங்க" என்று ஐயர் சொன்னார். மறுநாள் எங்கள் சபையின் ஸ்தோத்திரப் பண்டிகை என்பதை ஐயரும் யோசிக்கவில்லை, அண்ணாச்சியும் யோசிக்கவில்லை. பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த நானும் யோசிக்கவில்லை.

ஸ்தோத்திரப் பண்டிகை அன்று சபையார் தங்கள் விளைச்சலில், சம்பாத்தியத்தில் ஒரு பங்கைக் கொண்டுவந்து பீடத்துப் படியில் படைப்பார்கள். குருவிகுளம் பக்கத்திலிருந்து உளுந்து, மக்காச்சோளம் வரும். தறி வைத்திருக்கிறவர்கள் சேலை வைப்பார்கள். வாழைத்தார், பூசணிக்காய், கால் கட்டிய சேவல் எல்லாம் இருக்கும். ஒவ்வொன்றிலும் படைத்தவர் பேர் எழுதிய சீட்டு இருக்கும். ஆராதனை முடிந்ததும் அத்தனையையும் வெளியே எடுத்துவந்து ஏலம் விடுவார்கள். பணம் கோயிலுக்கு. படைத்ததைத் திரும்பக் கேட்பது பாவம் என்று எங்கள் ஊரில் மூன்று வயதுப் பிள்ளைக்கும் தெரியும்.

அண்ணாச்சி விடிகாலையிலேயே போய் முதல் ஆளாகத் தன் பெட்டியை வைத்துவிட்டார். அதன்மேல் யார் யாரோ சேலையும் சோளமும் வைத்துவிட்டார்கள். ஐயர் மொத்தமாக எல்லாவற்றுக்கும் சேர்த்து ஜெபித்து முடித்துவிட்டு, அடுத்த சபையில் பத்தரை மணி ஆராதனைக்கு பைக்கில் பறந்துவிட்டார். கோயில் வேலையெல்லாம் பார்த்து மணியடிக்கிற கோயில்குட்டி எல்லாவற்றையும் வாரிக்கொண்டுவந்து வேப்பமரத்தடி மேசையில் அடுக்கினார்.

ஏலம் விட்டது ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் ஜெபசிங் சார். சேவல் போயிற்று, வாழைத்தார் போயிற்று. பிறகு அந்தப் பெட்டியைத் தூக்கிச் சீட்டைப் படித்தார். மைக்கை வாய்க்குக் கிட்டே இழுத்துக்கொண்டார்.

"நம்ம மிஷனெரி அண்ணாச்சி படைச்சிருக்காவ. புது லேப்டாப். பெட்டி மடிப்புகூடக் கலையல."

எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கு வந்ததே கோபம். மூன்று வாரம் என் உயிரை எடுத்து, இருபது கிராமுக்குப் பேரம் பேசி வாங்கியதை ஒரே ராத்திரியில் தூக்கிக் கொடுத்துவிட்டாரே, பெரிய வள்ளல் என்று பல்லைக் கடித்தேன். முந்தின நாள் ஐயரிடம் ஜெபத்துக்கென்று பேசியதைக் காதால் கேட்டிருந்தும், அவர் கொடுக்கவில்லை என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவர் எப்போதும் கொடுக்கிறவர், அவருக்கென்று ஒன்று வேண்டியிருக்கும் என்று எங்களில் யாரும் நினைத்ததில்லை.

அப்போதுதான் அண்ணாச்சி கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேசைக்கு வந்தார். கண் சிவந்திருந்தது. பெட்டியின்மேல் ஒரு கையை வைத்து, மறுகையால் தன் நெஞ்சைத் தொட்டு, சத்தமாகப் பேச ஆரம்பித்தார். ஒரு சொல்லும் எங்களுக்குப் புரியவில்லை. தமிழ் இல்லை, இந்தியும் இல்லை. சொற்கள் வேகவேகமாக விழுந்தன. குரல் உடைந்தது, மறுபடி ஏறியது.

ஆவி இறங்கி, யாருக்கும் புரியாத அந்நிய பாஷை பேசுகிற வழக்கம் எங்கள் சபையில் கிடையாது. அதெல்லாம் பெந்தெகொஸ்தேகாரர்களின் காரியம் என்று கொஞ்சம் இளப்பமாகக்கூடப் பேசுவோம். ஆனால் பேசுகிறவர் மிஷனெரி அண்ணாச்சி. முன்வரிசையில் ஒரு அம்மா "ஸ்தோத்திரம்" என்றார். இன்னொருவர் "அல்லேலூயா" என்றார். ஜெபசிங் சார் மைக்கை இறக்கிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். கூட்டம் மொத்தமும் தலை குனிந்தது. நானும் குனிந்தேன். என் கண்ணிலும் தண்ணீர் வந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்?

பேச்சு பாதியில் நின்றது. நிமிர்ந்து பார்த்தேன். அண்ணாச்சி எங்கள் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பெட்டியின்மேலிருந்து கையை எடுத்துவிட்டு, வந்த வழியே திரும்பிப் போனார்.

அதன்பிறகு ஏலம் சூடு பிடித்தது. ஆசீர்வாதம் இறங்கிய பொருள் என்று ஆளாளுக்கு ஏற்றினார்கள். கடையில் வாங்கிய விலையைத் தாண்டி, மருந்துக்கடை பிரபின் தன் மகள் படிப்புக்கென்று எடுத்தான்.

மதியம் கோயில் வளாகத்தில் அசனம், சபையார் எல்லோருக்கும் சாப்பாடு. பந்தியில் கடைசி இலையில் அண்ணாச்சி தனியாக உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்து இலையை மரியாதைக்கு விட்டிருந்தார்கள். நான் போய் அதில் உட்கார்ந்தேன். திட்டுவதற்காகத்தான்.

"என்னைப் பாடாப் படுத்தி வாங்குனத இப்படிப் படைச்சிட்டியளே. வியாழக்கெழம எதத் தூக்கிட்டுப் போறிய?"

"நான் படைக்கல ஷீலா. ஜெபத்துக்குத்தான் வச்சேன்."

"அப்ப மேசைகிட்ட நின்னு பேசினது?"

"அது என்னோடது, திருப்பித் தாங்கன்னு கேட்டேன்."

"தமிழ்ல கேக்க வேண்டியதுதான அண்ணாச்சி!"

"தமிழ்லதான் கேக்கேன்னு நெனச்சேன் மக்கா" என்றார். "இருவத்தஞ்சு வருசமா சண்ட போட்டது, கோவப்பட்டது எல்லாம் அந்தப் பாஷையிலதான். நீங்க எல்லாரும் கண்ண மூடின பெறகுதான் எனக்கே வெளங்கிச்சு. அதுக்கப்புறம் என்னத்தச் சொல்ல?"

"ரெண்டு நிமிசம் பேசினியளே. வேற என்ன சொன்னிய?"

இலையில் சோற்றை ஓரமாக ஒதுக்கினார். "இது இல்லைன்னா என்னால அங்கன போக முடியாதுன்னு சொன்னேன். இங்கன எங்கூடப் பேச ஒருத்தரும் இல்லைன்னு சொன்னேன்."

நான் எச்சில் கையோடு எழுந்தேன். பிரபின் இரண்டு வரிசை தள்ளிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். பெட்டியை மடியிலேயே வைத்திருந்தான். அதைக் கொடு என்றதும் முறைத்தான்.

"நல்லாருக்கே அக்கா. அண்ணாச்சி பாஷை பேசி ஆசீர்வாதம் பண்ணின பொருளு. எம்மவளுக்குன்னு எடுத்திருக்கேன், எவ்வளவு குடுத்தாலும் தர மாட்டேன்."

"அது ஆசீர்வாதம் இல்ல வே" என்று ஆரம்பித்து, அண்ணாச்சி சொன்னதை ஒரு சொல் விடாமல் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். சொல்லி முடித்தபோது சாம்பார் ஊற்றிக்கொண்டு வந்தவர்கூட நின்றுவிட்டார். முன்வரிசையில் ஸ்தோத்திரம் சொன்ன அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். பிரபின் இலையை மூடிவிட்டு எழுந்து, கை கழுவிவந்து, பெட்டியை அண்ணாச்சியின் முன் வைத்தான்.

"மன்னிச்சிருங்க அண்ணாச்சி. கோயிலுக்குக் குடுத்த பணம் குடுத்ததா இருக்கட்டும். நீங்க போயிட்டு வாங்க."

அண்ணாச்சி பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். வேண்டாம் என்று ஒரு பேச்சுக்குக்கூடச் சொல்லவில்லை. அதற்குள் ஒவ்வொருவராகச் சுற்றிலும் வந்து நின்றோம். வழியில் சாப்பாட்டுக்கு என்ன செய்வீர்கள் என்று ஒருவர் கேட்டார். ஸ்டேஷனுக்கு என் காரில் கொண்டுவிடுகிறேன் என்றார் ஜெபசிங் சார். சுக்ரா யார் என்று பிரபின் கேட்டான். நான்கு வருடம் கேட்க வேண்டியதையெல்லாம் ஐந்து நிமிடத்தில் கேட்டுவிடுகிற அவசரம் எங்களுக்கு. எல்லாவற்றுக்கும் அவர் பொறுமையாகப் பதில் சொன்னார்.

எனக்கும் ஏதாவது செய்ய வேண்டும்போல இருந்தது. "ஆறு வாரம் கழிச்சு என்ன தேதின்னு சொல்லுங்க. ரிட்டன் டிக்கெட்ட நானே போட்டுத் தாரேன்" என்றேன்.

"ரிட்டன் வேண்டாம் மக்கா" என்றார்.

"தனியா இருக்க சங்கத்துல விட மாட்டாவளே?"

"அவங்ககிட்ட இன்னும் சொல்லல."

யாராவது ஒருவர் "போகாதிய அண்ணாச்சி, இங்கனயே இருங்க" என்று சொல்வார்கள் என்று சுற்றிலும் பார்த்தேன். சொல்வதற்கு எங்களில் யாருக்கும் வாய் வரவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது? நாளை பதினோரு மணிக்கு அவர் கடைக்கு வர வேண்டிய வேலை எதுவும் இல்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது.

"அந்தச் சார்ஜர ராத்திரி பூரா மாட்டி வைக்காதிய. பாட்டரி கெட்டுப்போவும்" என்றேன்.

"சரி ஷீலா" என்று சொல்லிவிட்டு, ஒதுக்கி வைத்திருந்த சோற்றைப் பிசைந்து சாப்பிட ஆரம்பித்தார்.